ராடு உங்கள் கையில் இருக்காது

கேள்வி: அண்ணா, எனக்கு 28 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். சின்ன வயதில் மேட்டுப்பாளையத்தில் தாத்தாவோடு பவானி ஆற்றில் தூண்டில் போட்டுப் பழகியவன். மூன்று வருடமாக ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. போன ஏப்ரலில் இமாசலத்தின் தீர்த்தன் ஆற்றுக்குப் போனேன். மூன்றாம் நாள் ஒரு கிலோ தேறும் பிரவுன் டிரவுட் பிடித்தேன். நான் தங்கிய ஹோம்ஸ்டேயின் உரிமையாளர், "மார்ச்சில் சீசன் திறந்ததும் வந்துவிடு, கைடாக வைத்துக்கொள்கிறேன். சாப்பாடு, தங்குமிடம், மாதம் ஒரு தொகை, டிப்ஸ் உனக்கே" என்கிறார். வேலையை விடலாமா? சான்றிதழ் ஏதாவது வேண்டுமா? ராடு (தூண்டில் கோல்), ரீல் எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமா? விஷயத்தைச் சொன்னதிலிருந்து அம்மா என்னிடம் பேசுவதில்லை.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் ஓர் ஆள் விடுபட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் பிரவுன் டிரவுட் பிடித்தேன் என்கிறீர்கள். அன்று உங்கள் பக்கத்தில் ஒருவர் நின்றிருப்பார். எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று கை காட்டியவர். தூண்டில் நரம்பு அறுந்தபோது குளிரில் விறைத்த விரலால் புது ஃப்ளை கட்டிக் கொடுத்தவர். மீன் கடித்ததும் "விடு, விடு, லைனை ஓடவிடு" என்று கத்தியவர். கடைசியில் தண்ணீரில் இறங்கி வலையில் ஏந்தியவர். அவர் அன்று ஒரு தடவையாவது தனக்காக ராடை வீசினாரா? வீசியிருக்க மாட்டார். நீங்கள் கேட்பது அவர் பார்க்கும் வேலையை.

உங்களை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வருகிற பலர் மீன் பிடிக்கிற ஆசையில்தான் வருகிறார்கள், முதல் சீசன் முடிவதற்குள் முகம் சுருங்கிப் போகிறார்கள். ஆறு தெளிந்து, பூச்சி பறந்து, மீன் மேலே வந்து கொத்துகிற சாயங்காலம் வருடத்தில் எப்போதாவதுதான் அமையும். அந்த நேரத்தில் ராடு டெல்லியிலிருந்து வந்த யாரோ ஒருவர் கையில் இருக்கும். அவர் அதை மரக்கிளையில் மாட்டிக்கொண்டு நிற்பார். கிளையிலிருந்து ஃப்ளையை எடுக்கும்போது உங்களுக்கு "கொடுங்க சார், நான் காட்டுறேன்" என்று கை பரபரத்தால் இந்த வேலை உங்களை வதைக்கும். இந்த மனிதருக்கு அடுத்த வீச்சு எப்படியும் சரியாக விழ வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டால் தாராளமாக வாருங்கள். ராடு இல்லாமல் கரையில் நிற்க முடியுமா என்பதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளமும் சான்றிதழும் அதற்குப் பிறகு.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வரி. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் புழு கிடையாது. இறகும் நூலும் விலங்கு முடியும் சுற்றிப் பூச்சி போலக் கட்டிய ஃப்ளைதான் இரை. அதற்கு எடையே இல்லாததால் லைனைக் கனமாகச் செய்திருப்பார்கள். அந்த லைனைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, ஃப்ளையைக் கொண்டுபோய் மீனின் தலைக்கு மேலே மெதுவாக இறக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஏப்ரல் கடைசியில், தீர்த்தன் கரையில் இருக்கும் குஷைனிக்கு மேலே ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் எழுந்து டீ குடிப்பதற்குள் நீங்கள் ஆற்றுக்கு ஒரு நடை போய்வந்துவிட வேண்டும். நேற்றே ஒரு பாறையை அடையாளம் வைத்திருப்பீர்கள். இன்று தண்ணீர் அதில் எங்கே நிற்கிறது, நிறம் எப்படி, தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அப்புறம், ஓட்டம் மிதமாக இருக்கும் இடத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புரட்டுங்கள். அடியில் மேஃப்ளையின் இளம்பூச்சி தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், வெளிச்சம் பட்டதும் பக்கவாட்டில் நழுவும். பக்கத்திலேயே மணல் துகள்களைக் கோத்துக் கட்டிய சின்னக் குழாய்க்குள் கேடிஸ் புழு கிடக்கும். மேஃப்ளை இளம்பூச்சியின் முதுகில் இறக்கை மொட்டு இருக்கிறதே, அது கருத்துத் தடித்திருந்தால் அந்தப் பூச்சி சீக்கிரமே மேலே ஏறிப் பறக்கப் போகிறது. அப்படியானால் காலையில் அடியில் ஓடும் நிம்ஃப் (இளம்பூச்சி போலக் கட்டிய ஃப்ளை), வெயில் ஏறியதும் மேலே மிதக்கும் ஃப்ளை என்று அன்றைய திட்டம் கைக்கு வந்துவிடும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

விருந்தினர் வந்த பிறகு பூச்சி அறிவு கொஞ்சம் பின்னால் போய்விடும், மனிதர்களைப் பற்றிய அறிவு முன்னால் வரும். புதிதாக வருகிறவர்களில் கையில் பலம் உள்ளவர்கள்தான் அதிகம் திணறுவார்கள். பின்னால் வீசிய லைன் முழுசாக நீளும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது. பாதியில் முன்னால் இழுப்பார்கள், லைன் தோளில் சரிந்து விழும், இன்னும் வேகமாக வீசுவார்கள். "சார், பலத்தைக் குறையுங்க" என்று பத்துத் தடவை சொன்னாலும் கேட்காது. "திரும்பிப் பின்னால லைனைப் பாருங்க" என்று சொன்னால் பார்ப்பதற்காகவே ஒரு கணம் நிற்பார்கள், வீச்சு தானாகச் சரியாகிவிடும். பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வந்துவிடும், அப்பாவுக்கு அதனால் எரிச்சலும் வரும். மகன் இரண்டு மீன் பிடித்த இடத்தில் அப்பா வெறுங்கையோடு நின்றால் அன்றைய மதியச் சாப்பாடு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் நல்ல இடத்தை முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் நீங்கள் காலையிலேயே கணக்குப் போட வேண்டிய விஷயம்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தில் பெரிதாகச் சொல்லவே இல்லை. பம்ப் விற்கிறவருக்கு, வாடிக்கையாளர் வாயால் கேட்பது ஒன்று, மனதில் தேடுவது வேறு என்று தெரியும். நாற்பது வருடம் ஸ்காட்லாந்து ஆறுகளில் வீசிப் பழகிய கிழவர் வருவார். அவருக்கு நீங்கள் எதுவும் கற்றுத்தர வேண்டாம், இடத்தைக் காட்டிவிட்டு இருபது அடி தள்ளி உட்கார்ந்தால் போதும். கம்பெனிச் செலவில் எட்டுப் பேர் வருவார்கள், அதில் ஆறு பேருக்கு ஆற்றங்கரையில் பக்கோடா சாப்பிடுவதுதான் நோக்கம். அவர்களைக் கட்டாயப்படுத்தி ராடு பிடிக்க வைப்பது பாவம். ஒற்றை ஆளாக, பேசாமல் ஒருவர் வருவார். அவர் மீனுக்காக வரவில்லை என்பது அரை நாளில் புரியும். ஆளைப் படிக்கத் தெரியாத நல்ல மீன்பிடிக்காரரைவிட, ஆளைப் படிக்கத் தெரிந்த சுமாரான மீன்பிடிக்காரரே கைடாகத் தேறுவார் என்பது என் கட்சி.

அடுத்தது தண்ணீர். இதில் நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பவானியில் பழகிய கண்ணுக்கு இமயமலை ஆறு பழக நாளாகும். வெயில் காலத்தில் பகலில் மேலே பனி உருகும், அந்தத் தண்ணீர் நீங்கள் நிற்கும் இடத்துக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகும். காலையில் முழங்கால் அளவில் சிரித்துக்கொண்டே கடந்துபோன துறை, திரும்பும்போது இடுப்பளவில் உறுமிக்கொண்டிருக்கும். அதனால் அக்கரைக்குப் போவதற்கு முன்பே திரும்பி வரப் பாலம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். கடக்கும்போது ஓட்டத்தை எதிர்நோக்கி, கையில் கம்பு ஊன்றி, பக்கவாட்டில் அடி எடுத்து வைக்க வேண்டும். முதுகுப் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். ரப்பர் உடை போட்டிருந்தால் அதன் மேல் பெல்ட் இறுக்கமாக இருக்கட்டும், உள்ளே தண்ணீர் சீக்கிரம் ஏறாது. விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் கல்லிடுக்கில் மாட்டினால் ஓட்டம் ஆளை முன்னால் தள்ளி முகத்தை அழுத்திவிடும். மல்லாந்து, ஓட்டம் போகும் திசையில் காலை நீட்டி மிதந்து, ஓரம் வந்த பிறகுதான் எழ வேண்டும். இவை எல்லாவற்றையும் விருந்தினருக்கு ராடைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ராடு கைக்குப் போனபின் அவர் காதில் எதுவும் ஏறாது.

அணை இருக்கும் ஆறு இன்னும் மோசம். தீர்த்தனும் சைஞ்ச் என்கிற ஆறும் லார்ஜி என்ற ஊருக்குப் பக்கத்தில் பியாஸ் ஆற்றில் சேர்கின்றன. அங்கே 126 மெகாவாட் நீர்மின் நிலையத்துக்கான அணை இருக்கிறது. 2014 ஜூன் 8 அன்று சாயங்காலம், அந்த அணைக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரையும், அவர்களைக் கூட்டிவந்த சுற்றுலாக்காரரையும், திறந்துவிட்ட தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. அது மழை வெள்ளம் அல்ல. தண்ணீர் மட்டம் ஏறுவதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் தீர்த்தனில் அணை கிடையாது, அந்த மக்கள் நீர்மின் திட்டங்களை எதிர்த்து நின்று காப்பாற்றிய ஆறு அது. ஆனால் சீசன் நடுவில் யாராவது "பியாஸ் பக்கம் ஒரு நாள் போலாமா?" என்று கேட்பார்கள். மேலே என்ன அணை, எப்போது திறப்பார்கள், சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று தெரியாத துறையில் ஆளை இறக்கக் கூடாது. விருந்தினர் முகம் கோணினால் கோணட்டும்.

மீன் விஷயத்திலும் "முடியாது" என்று சொல்லும் திராணி வேண்டும். டிரவுட் குளிர்ந்த தண்ணீரின் மீன். தண்ணீர் 20 டிகிரியை எட்டினால் அதற்கு மூச்சுவாங்கும், அந்த நிலையில் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அமெரிக்காவின் மொன்டானாவில் கோடையில் ஆறு சூடானால் மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதித்துவிடுவார்கள், கைடுகள் விடியலில் ஆரம்பித்து மதியத்தோடு கடையைக் கட்டுவார்கள். நம் பக்கம் அப்படிப் பலகை வைக்க ஆள் வர மாட்டார்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் தெர்மாமீட்டர்தான் சட்டம்.

அப்புறம் இந்தப் போட்டோ. 1992-ல் கனடாவில் ரெயின்போ டிரவுட்டை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். மீனைக் களைக்கும்வரை ஓடவிட்டு, ஒரு நிமிடம் காற்றில் வைத்து, திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். 12 மணி நேரத்தில் 72 சதவீதம் செத்துவிட்டது. காற்றே படாமல் விட்டவற்றில் 12 சதவீதம்தான் செத்தது. ஒரு நிமிடம் என்பது இரண்டு செல்ஃபி, ஒரு வீடியோ. மீன் நீந்திப் போவதை விருந்தினர் பார்ப்பார், கைதட்டுவார், அது ராத்திரி பாறையிடுக்கில் செத்துக் கிடப்பதைப் பார்க்க மாட்டார். அதனால் கேமராவை முதலில் தயார் செய்யச் சொல்லுங்கள். மீன் வலையோடு தண்ணீரிலேயே இருக்கட்டும். கையை நனைத்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணித் தூக்கி, தண்ணீர் சொட்டி முடிவதற்குள் இறக்கிவிடுங்கள். தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால் முள் ஒரு திருகில் வெளியே வந்துவிடும்.

அந்த நசுக்கல் உங்கள் விருந்தினருக்கும் நல்லது. காற்றடிக்கிற நாளில் ஃப்ளை யாராவது ஒருவர் தோளில் குத்தியே தீரும். கூர் நசுக்கியிருந்தால் வந்த வழியே உருவிவிடலாம். நசுக்காமல் விட்டிருந்தால், வளைவில் ஒரு கெட்டி நரம்பை மாட்டிக்கொள்ளுங்கள். முள்ளின் கண் இருக்கும் பக்கத்தைத் தோலோடு அழுத்திப் பிடித்து, ஆளிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்தபடியே நரம்பை ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். தயங்கி இழுத்தால் வராது, வலிதான் மிச்சம். ஆளின் கண்ணுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தால் கையே வைக்காதீர்கள், அசையாமல் மூடிக் கட்டி நேராக பக்கத்து ஊரான பஞ்சாரில் டாக்டரிடம்.

வருமானத்துக்கு வருகிறேன். இமாசலத்தில் டிரவுட் சீசன் மார்ச் முதல் தேதி திறந்து அக்டோபர் கடைசியில் மூடுகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மீன் முட்டையிடும் காலம், தூண்டில் கூடாது. காகிதத்தில் எட்டு மாதம். ஆனால் ஜூன் கடைசியில் மழை இறங்கினால் ஆறு காபி நிறத்தில் ஓடும், செப்டம்பர் நடுவில்தான் தெளியும். 2023 ஜூலையில் பியாஸ் பொங்கியபோது குல்லு, மண்டி பக்கம் பாலங்களும் சாலைகளும் போய், வந்திருந்த சுற்றுலாக்காரர்களே மாட்டிக்கொண்டார்கள். ஆக, உருப்படியாக ஐந்து மாதம் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாளுக்கு என்ன செய்வது என்று இங்கே எல்லோருக்கும் ஒரு இரண்டாவது தொழில் இருக்கும்: மலையேற்றத்துக்கு ஆள் கூட்டிப்போவது, ஆப்பிள் தோட்டம், டாக்சி. சிலர் உத்தராகண்டுக்கு, ராம்கங்காவில் மஹ்சீர் சீசனுக்குப் போவார்கள். அது வேறு மீன், வேறு ராடு, வேறு அனுமதி. டிப்ஸை நம்பாதீர்கள். வெளிநாட்டுக்காரர் கொடுப்பார், நம் ஆட்களில் பலர் கைடை ஹோம்ஸ்டே முதலாளியின் சொந்தக்காரப் பையன் என்று நினைத்துக் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நம் பக்கத்துக் காவிரியிலேயே நடந்தது இது. பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமக்காலி முகாம்களில் மஹ்சீர் பிடித்துத் திரும்ப விடுவதற்காக உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தக் கரையோர ஊர்க்காரர்கள்தான் கைடுகள், அதில் ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களும் இருந்தார்கள். அந்த ஆற்றின் ஒவ்வொரு குழியும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அது வனவிலங்குச் சரணாலயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிடிப்பதும் வேட்டைதான், திரும்ப விட்டாலும் கணக்கு அதேதான் என்று முடிவாகி, அங்கே தூண்டில் நின்றுபோனது. சட்டம் சரியா தப்பா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அங்கே நீந்திய கூன்முதுகு மஹ்சீருக்கு 2018-ல்தான் அறிவியல் பெயர் உறுதியானது, அதே வருடம் அது மிக அருகிவிட்ட இனம் என்ற பட்டியலிலும் ஏறியது. வாதம் எப்படிப் போனாலும் கைடுகளுக்கு அந்த வேலை போய்விட்டது. இந்தத் தொழில் முழுக்க ஒரு அனுமதிச் சீட்டின் மேல் நிற்கிறது. எனவே மீன்வளத் துறையின் லைசென்ஸ் இல்லாமல் ஒரு விருந்தினரையும் ஆற்றில் இறக்காதீர்கள். மேலே கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டிரவுட்டைப் பற்றிப் பேசும்போது பெருமை கொஞ்சம் அளவாக இருக்கட்டும். பிரவுன் டிரவுட் இந்த மலையின் மீன் அல்ல. 1900-ல் காஷ்மீருக்குக் கப்பலில் வந்த முட்டையில் பொரித்தது, 1909-ல் குல்லு பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். நம் நீலகிரியிலும் இதே கதைதான், அவலாஞ்சியில் 1907-ல் ரெயின்போ டிரவுட்டுக்குப் பொரிப்பகம் வைத்தார்கள். இமயத்து ஆறுகளின் பூர்வீகக் குடி ஸ்னோ டிரவுட் என்கிற அசேலா. பெயரில்தான் டிரவுட், குடும்பத்தில் அது கெண்டைக்குச் சொந்தம். பிரவுன் வந்த இடங்களில் அது ஒதுங்கிப்போயிருக்கிறது. விருந்தினரின் முள்ளில் அசேலா மாட்டினால் "அட, இதுவா" என்று சலித்துக்கொள்வார். அப்போது அந்த மீனின் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டும், அது நீங்களாக இருங்கள்.

சான்றிதழ்? மொன்டானா மாதிரி இடங்களில் கைடுக்கு லைசென்ஸ் உண்டு, முதலுதவிச் சான்று கட்டாயம். இங்கே உங்களை அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பயிற்சிக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால் மலைப்பகுதி முதலுதவிப் பயிற்சிக்குச் செலவழியுங்கள். முசௌரியில் ஹனிஃபில் மையம் அதை நடத்துகிறது. ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது, எலும்பு முறிந்த ஆளையும் குளிரில் விறைத்த ஆளையும் எப்படிக் காப்பாற்றுவது என்று அங்கே சொல்லித்தருவார்கள். ராடு வீச்சில் பட்டம் வாங்குவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ராடும் ரீலும் இப்போது இருப்பதே போதும். தீர்த்தனுக்கு 4 அல்லது 5 வெயிட் ராடு (எந்தக் கன லைனுக்கு என்று சொல்லும் எண்), மிதக்கும் லைன், 4எக்ஸ், 5எக்ஸ் (நரம்பின் பருமனைச் சொல்லும் எண்) நரம்புச் சுருள்கள். காசு மிச்சமிருந்தால் நல்ல ஷூவும் நல்ல மழைக்கோட்டும் வாங்குங்கள், ரப்பர் கண்ணி போட்ட வலை ஒன்றும் வாங்குங்கள். விருந்தினருக்குக் கொடுக்க உதிரி ராடு வைத்திருப்பது ஹோம்ஸ்டேக்காரர் பொறுப்பு. ஃப்ளை மட்டும் நீங்களே கட்டப் பழகுங்கள். ஒரு விருந்தினர் ஒரு நாளில் மரத்துக்கும் பாறைக்கும் காணிக்கை கொடுக்கும் ஃப்ளைகளைக் காசு கொடுத்து வாங்கினால் சம்பளம் அதிலேயே போய்விடும்.

அந்த ஊர்ப் பையன்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த ஆற்றில் இறங்கியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைவிட நல்ல கைடாக நீங்கள் ஒரு சீசனில் ஆகிவிட முடியாது. இரண்டு சீசனிலும் முடியாது. அப்படியிருந்தும் உரிமையாளர் ஏன் உங்களைக் கூப்பிடுகிறார்? எனக்குத் தோன்றுவது, தெற்கிலிருந்து ஆள் வர வேண்டும், ஆங்கிலத்தில் மெயில் போக வேண்டும், போனில் பேசி புக்கிங் முடிக்க ஒரு ஆள் வேண்டும். அதில் தப்பில்லை, நல்ல வேலைதான். ஆனால் அதைப் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். போன தடவை உங்களுக்கு மீன் காட்டியவரிடமே இந்தத் தடவை எடுபிடியாக நில்லுங்கள், டிப்ஸில் பெரிய பங்கு அவருக்கே போகட்டும். ஹிந்தி உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். அந்தப் பள்ளத்தாக்கின் பேச்சிலும் நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் டீக்கடையில் ஆற்று நிலவரம் காதில் விழும்.

வேலையை விடாதீர்கள், இப்போதைக்கு. கம்பெனியில் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆறு வாரம் போதும். கொடுக்கவில்லை என்றால் இருக்கிற லீவைச் சேர்த்து மூன்று வாரமாவது போங்கள். அந்த நாட்களில் உங்கள் சொந்த ராடைப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். அப்புறம் ஜூலையில் ஒரு வாரம், மழை அடிக்கும்போது, விருந்தினர் ஒருவரும் இல்லாத நேரத்தில் போய் அங்கே தங்கிப் பாருங்கள். ஈரத் துணி காயாது, கரண்ட் இருக்காது, ஆறு ராத்திரி முழுக்கக் கல்லை உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாரத்துக்குப் பிறகும் ஆசை இருந்தால் ராஜினாமாக் கடிதத்தைப் பற்றிப் பேசலாம்.

அம்மாவிடம் இப்போது "வேலையை விடப்போகிறேன்" என்ற பேச்சே வேண்டாம், ஏனென்றால் நீங்கள் விடப்போவதில்லை. "ஆறு வாரம் போய்ப் பார்த்துட்டு வரேம்மா" என்று சொல்லுங்கள். அவருக்கு ஆற்றைப் பற்றிய பயம்தான் பெரிதாக இருக்கும், பவானிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. முதலுதவிப் பயிற்சிக்கு முதலில் போய்வந்து அந்தக் காகிதத்தைக் காட்டினால், நீங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதாவது அவருக்குப் புரியும்.

உரிமையாளருக்கு இந்த வாரமே போன் போடுங்கள். விருந்தினர் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? எனக்கு அடிபட்டால்? ஒரு கைடுக்கு எத்தனை விருந்தினர்? (இரண்டுக்கு மேல் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.) தண்ணீர் ஏறியிருக்கிறது, இன்று இறங்கக் கூடாது என்று நான் சொன்னால், விருந்தினர் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் யோசிக்காமல் "கொடுப்பேன்" என்றால் டிக்கெட் போடுங்கள். இழுத்தால், பக்கத்திலேயே வேறு ஹோம்ஸ்டேக்கள் இருக்கின்றன.